ஜாஸ் வாசித்துப் பிழைக்க முடியுமா?

கேட்டவர் கல்லூரி மாணவர், டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறவர். மேடைக் கலைஞர், இசையமைப்பாளர், ஆசிரியர் என மூன்றுமாக வாழும் ஜாஸ்காரர்களின் அன்றாடம் எப்படி இருக்கும், பணம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, வகுப்பெடுக்கப் போனால் மேடையில் தோற்றுவிட்டதாக அர்த்தமா என்பவை அவருடைய கேள்விகள்.

பிழைக்க முடியும். ஆனால் இந்தத் தொழிலில் பெயர் வருகிற வாசல் வேறு, பணம் வருகிற வாசல் வேறு. இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டவர்கள் ஓரளவு நிம்மதியாக இருக்கிறார்கள். புரிந்துகொள்ளாதவர்கள், எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், கடைசிவரை யாரையாவது திட்டிக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். மேடை பெயரைத் தரும். எழுதிய இசை சொத்தாக நிற்கும், அதை நீங்களே அற்ப விலைக்கு எழுதிக் கொடுத்துவிடாதவரை. வகுப்பு வாடகையைக் கட்டும். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அமெரிக்காவைச் சார்ந்தது. சட்டங்களும் சங்கங்களும் பள்ளிகளும் அங்கேதான் இந்த இசையோடு சேர்ந்து வளர்ந்தன.

மேடையை முதலில் எடுத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு அது இரண்டு மணி நேரம். வாசிப்பவருக்கு காலையிலேயே தொடங்கிவிடுகிறது. சாக்ஸபோன்காரர் ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, பெரிதாக்கி, மறுபடியும் கரையவிட்டு நீளமாக ஊதிக்கொண்டிருப்பார். இருபது வருடம் வாசித்தவரும் காலையில் இதைத்தான் செய்கிறார். அப்புறம் ரீடு, அதாவது ஊதுவாயில் பொருத்தும் சீவாளி. பத்து ரீடு உள்ள பெட்டியைப் பிரித்தால் மேடைக்கு லாயக்கானவை மூன்றோ நான்கோ தேறும், மற்றவை பயிற்சிக்கு. அதன் பிறகு ஒரே பாட்டைப் பன்னிரண்டு சுருதியிலும் வாசித்துப் பார்ப்பது. குழுத் தலைவராக இருந்தால் நாளின் மிச்சம் தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் போய்விடும்: டிரம்மருக்குப் பதில் யார், ஒத்திகை எங்கே, போன மாதக் கச்சேரிக்குப் பணம் ஏன் இன்னும் வரவில்லை. டபுள் பாஸ் வாசிப்பவர் அதைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுவது தனிப் புராணம். இங்கே தொடங்கினால் முடியாது.

பயிற்சி செய்ய இடம் கிடைப்பதே ஒரு பிரச்சினை. டெனர் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1959-இல், புகழின் உச்சியில் இருந்தபோது, மேடையை விட்டு விலகி நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் போய் நின்று வாசிக்கத் தொடங்கினார். 1961 வரை அப்படியே போனது. இதை ஏதோ தவம்போல எழுதுகிறவர்கள் உண்டு. தவமும்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு காரணம். அடுக்குமாடிக் குடியிருப்பில் டெனர் வாசித்துப் பார்த்த எவருக்கும் அந்த நியாயம் உடனே புரியும்.

சின்ன கிளப்பில் பெரும்பாலும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்குதான் ஊதியம். அதை நால்வர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆள் வராத இரவில் தலைவர் தன் பையிலிருந்து எடுத்து மற்ற மூவருக்கும் கொடுப்பது சர்வ சாதாரணம். இது இன்று வந்த சீரழிவு என்று நினைக்க வேண்டாம். தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் 1966 பிப்ரவரியில் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் திங்கட்கிழமை தோறும் வாசிக்க ஒரு பெரிய குழுவைத் தொடங்கினார்கள். ஏன் திங்கட்கிழமை? குழுவில் பலர் பகலில் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவுகளுக்கு வாசித்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்கள். கிளப்புக்கும் அவர்களுக்கும் வேலை குறைந்த இரவு அதுதான். சோறு போட்டது ஸ்டூடியோ. மனசுக்குப் பிடித்ததைத் திங்கட்கிழமை வாசித்தார்கள். அந்தத் திங்கட்கிழமை இரவு, தலைமுறைகள் மாறி, இன்றும் நடக்கிறது.

மேடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மிகக் கொடிய உதாரணம் தெலோனியஸ் மங்க். நியூயார்க்கில் மது விற்கும் கிளப்பில் வாசிக்க அப்போது போலீஸ் வழங்கும் அடையாள அட்டை வேண்டும். 1951-இல், இன்னொரு பியானோ கலைஞரான பட் பவலோடு காரில் இருந்தபோது போதைப்பொருள் பிடிபட்டது. மங்க் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அட்டை போயிற்று, ஆறு ஆண்டுகளுக்கு. உலகம் இன்று கொண்டாடும் ஒரு பியானோ கலைஞர் தன் சொந்த நகரத்தின் கிளப்புகளில் வாசிக்க முடியாமல் இருந்தார். மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். மங்க் எழுதிக்கொண்டும் ஒலிப்பதிவு செய்துகொண்டும் இருந்தார். 1957-இல் அட்டை திரும்பக் கிடைத்ததும் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைச் சேர்த்துக்கொண்டு வாசித்தது வரலாறு. அந்த அட்டை முறை 1967 வரை நீடித்தது.

இனி எழுதுவது. கேட்டவர் அதிகம் யோசிக்காத பகுதி இதுதான் என்பது என் ஊகம். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

அமெரிக்க வானொலியில் ஒரு இசைத்தட்டு ஒலித்தால், பாட்டை எழுதியவருக்கு ராயல்டி போகிறது. வாசித்தவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. இணைய வானொலிக்கும் செயற்கைக்கோள் வானொலிக்கும் விதி வேறு. ஆனால் ஏஎம், எஃப்எம் நிலையங்களுக்கு இன்றுவரை இதுதான் நிலை. கோல்ட்ரேன் 1960-இல் ஒலிப்பதிவு செய்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் அதில் பெரும்பகுதி அவரும் பியானோ வாசித்த மக்காய் டைனரும் அந்த நேரத்தில் மனோதர்மமாக வாசித்தது. ஆனால் மெட்டு ஒரு பிராட்வே இசை நாடகத்துக்காக ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் எழுதியது. எனவே வானொலிப் பணம் போவது அவர்கள் பக்கம்.

இதன் மறுபக்கத்தை நாற்பதுகளிலேயே ஜாஸ்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மெட்டுக்கு உரிமை உண்டு. அதன் அடியில் ஓடும் கார்ட் வரிசைக்கு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களின் வரிசைக்கு, யாரும் உரிமை கொண்டாடுவதில்லை. ஆகவே பழைய பாட்டின் கார்ட் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு மேலே புது மெட்டு எழுதினால் அது உங்களுடைய பாட்டு. கெர்ஷ்வின் 1930-இல் எழுதிய 'ஐ காட் ரிதம்' பாட்டின் வரிசையில் எழுதப்பட்டவற்றை எண்ணி முடியாது. ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் 'கோ-கோ' 'செரோக்கி' பாட்டின் மேல் கட்டியது. 1945 நவம்பரில் நடந்த அந்த ஒலிப்பதிவில், முந்தைய முயற்சி ஒன்றில் அவர்கள் பழைய 'செரோக்கி' மெட்டையே வாசிக்கத் தொடங்க, பாதியில் நிறுத்தப்படுவதை இன்றும் கேட்கலாம். அழகியல் புரட்சி என்று புத்தகங்கள் சொல்வதில் பொய் இல்லை. அதற்குள் ஒரு கணக்குவழக்கும் இருந்தது என்பதைப் புத்தகங்கள் மெல்லிய குரலில்தான் சொல்கின்றன.

இந்தக் கணக்கு, பெரிய குழு ஒன்றை நடத்திய இசையமைப்பாளர் டியூக் எலிங்டனுக்கு அத்துப்படி. 1941 தொடக்கத்தில் அஸ்காப் என்னும் இசையமைப்பாளர் சங்கம் கட்டணத்தை உயர்த்தக் கேட்க, வானொலி நிலையங்கள் மறுத்து, சங்க உறுப்பினர்களின் பாட்டுகளையே ஒலிபரப்பாமல் நிறுத்திவிட்டன. எலிங்டன் உறுப்பினர். ஒரே நாளில் அவர் அதுவரை எழுதிய பாட்டுகள் முழுவதும் வானொலிக்கு ஆகாதவையாகிவிட்டன. மகன் மெர்ஸரும், குழுவில் சேர்ந்து அதிக நாள் ஆகாத பில்லி ஸ்ட்ரேஹார்னும் உறுப்பினர்கள் அல்லர். அவர்கள் உட்கார்ந்து புதுப் பாட்டுகளாக எழுதித் தள்ளினார்கள். 'டேக் தி ஏ டிரெயின்' குழுவின் முகப்புப் பாட்டானது அப்போதுதான். பிற்காலத்தில் பெரிய குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தபோதும் எலிங்டன் தன் குழுவைக் கலைக்கவில்லை. பாட்டுகளிலிருந்து வந்த ராயல்டியை வாசிப்பவர்களின் சம்பளத்தில் கொட்டினார். அவருக்கு அதில் நஷ்டம் இல்லை என்றே நினைக்கிறேன். இரவு எழுதியதை மறுநாளே காதால் கேட்க முடிகிற இசையமைப்பாளர்கள் எத்தனை பேர்? அவருடைய கையெழுத்துப் பிரதிகளில் 'இரண்டாம் டிரம்பெட்' என்று வர வேண்டிய இடத்தில் வாசிப்பவரின் பெயரே இருக்கும். எழுதியது கருவிக்கு அல்ல, கூட்டி வில்லியம்ஸுக்கும் ஜானி ஹாட்ஜஸுக்கும்.

பியானோ கலைஞர் ஹெர்பி ஹேன்காக்கின் கதை இன்னும் நேரடியானது. 1962-இல், 22 வயதில், ப்ளூ நோட் நிறுவனத்தில் முதல் தட்டு. பதிப்புரிமையைத் தங்களிடம் கொடுக்கும்படி கேட்பார்கள், கொடுத்துவிடாதே என்று மூத்தவர் டொனால்டு பேர்டு முன்பே சொல்லி வைத்திருந்தார். அதேபோலக் கேட்டார்கள். ஹேன்காக் மறுத்தார்; முதல் வாய்ப்பே கைநழுவிப் போகலாம் என்ற நிலையிலும் பிடிவாதமாக நின்றார். நிறுவனம் இறங்கி வந்தது. அடுத்த ஆண்டே மோங்கோ சான்டமரியா அந்தத் தட்டிலிருந்த 'வாட்டர்மெலன் மேன்' பாட்டை எடுத்து வாசிக்க, அது அமெரிக்காவின் முதல் பத்து பாட்டுகளுக்குள் வந்தது. ஹேன்காக் வந்த பணத்தில் ஒரு கோப்ரா பந்தயக் கார் வாங்கினார். காரை விடுங்கள். பேர்டு சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எந்தக் கல்லூரியின் ஒரு முழுப் பருவப் பாடத்தையும்விட விலை உயர்ந்தது.

எழுதும் வேலையின் உள்ளே கொஞ்சம் பார்க்கலாம். பதினேழு பேர் கொண்ட பிக் பேண்டுக்கு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள்: ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ். ஆல்டோ சாக்ஸபோன் தாளில் 'சி' என்று படித்தால் காதில் விழுவது 'ஈ ஃபிளாட்'. டிரம்பெட் படித்தால் 'பி ஃபிளாட்'. இந்த மாற்றத்தை இப்போது கணினி செய்துவிடுகிறது. கணினி செய்யாதவைதான் ஆளைக் கொல்லும். டிராம்போனில் தாழ்ந்த 'பி ஃபிளாட்' சுரத்துக்குக் குழல் முழுக்க உள்ளே இருக்க வேண்டும். அதற்கு அடுத்த அரைச் சுரமான 'பி'க்கு, கூடுதல் வால்வு இல்லாத கருவியில், குழலை முழுக்க வெளியே தள்ள வேண்டும். பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள். டிராம்போன்காரருக்கு ஒரு கை நீளம். இதை அறியாமல் இரண்டையும் மாற்றி மாற்றி வேகமாக எழுதினால் ஒத்திகையில் நால்வரும் உங்களை ஒரு பார்வை பார்ப்பார்கள். மூச்சு வாங்க இடம் விட்டீர்களா? வலப்பக்கத்தாளின் கடைசி வரியில் ஓய்வு வைத்தீர்களா? இல்லாவிட்டால் தாளை எப்போது திருப்புவது? பதினேழு பேர் காத்திருக்கும் ஒத்திகையில், தவறான ஒரு சுரத்தைத் தேடுவதில் ஐந்து நிமிடம் போனால் அது பதினேழு பேரின் ஐந்து நிமிடம்.

பிக் பேண்டுக்கு எழுதும் மரியா ஷ்னைடர் இந்த வேலையை இசையமைப்பாளர் கில் எவன்ஸிடம் இசைக்குறிப்புகளைப் படியெடுக்கும் உதவியாளராக இருந்துதான் நெருக்கத்தில் கற்றார். 1993 முதல் சில ஆண்டுகள் கிரெனிச் வில்லேஜில் ஒரு கிளப்பில் இவருடைய குழுவும் திங்கட்கிழமைகளில்தான் வாசித்தது. பிறகு நிறுவனங்களை விட்டு விலகி, கேட்பவர்களிடமே முன்பணம் வாங்கி ஒலிப்பதிவு செய்யும் ஆர்ட்டிஸ்ட்ஷேர் முறைக்குப் போனார். 2004-இல் வந்த 'கான்சர்ட் இன் தி கார்டன்' கடைகளில் விற்கப்படாமல் இணையத்தில் மட்டுமே விற்கப்பட்டு, கிராமி விருது பெற்றது. எல்லோருக்கும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான இசையமைப்பாளர்களுக்கு வருமானம், பல்கலைக்கழகக் குழுக்களும் அறக்கட்டளைகளும் இசைவிழாக்களும் புதுப் படைப்பு எழுதச் சொல்லிக் கொடுக்கும் தொகையிலிருந்துதான் வருகிறது. அதற்கு விண்ணப்பம் எழுதுவதும் தொழிலின் ஒரு பகுதி. இசை எழுதும் கை விண்ணப்பத்துக்கு வளைய மறுக்கும்; பழக்கிக்கொள்ள வேண்டும்.

கற்பித்தல் தோற்றவர்களின் புகலிடமா? இந்தக் கேள்வியே எனக்கு எரிச்சலூட்டுகிறது. பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் நாற்பதுகளில் ஹார்லெமில் இருந்த தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார். மங்க்கும் பவலும் அங்கே வந்து போனவர்கள். அதே மேரி லூ 1977 முதல் 1981-இல் இறக்கும்வரை டியூக் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். எந்த வயதில் அவர் தோற்றார்? சிகாகோவின் டுசேபிள் உயர்நிலைப் பள்ளியில் வால்டர் டயட் என்ற ஆசிரியரிடம் படித்தவர்களில் நாட் கிங் கோலும் ஜீன் அம்மன்ஸும் ஜானி கிரிஃபினும் உண்டு. கோல்ட்ரேனுக்கு மங்க் தன் பாட்டுகளைக் கற்றுக் கொடுத்ததும் ஒரு வகுப்புதான்: எழுதி வைத்த தாள் கையில் இருக்கும். ஆனால் முதலில் அதைக் காட்ட மாட்டார். பியானோவில் வாசித்துக் காட்டி, காதால் பிடிக்க வைப்பார். பார்வையற்ற பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோவிடம் போனால், கருவியை எடுப்பதற்கு முன் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் தனிவாசிப்பு ஒன்றை மனப்பாடமாகப் பாடிக் காட்ட வேண்டும். பாட வராததை விரல் வாசித்தால் அது விரலின் பழக்கம் மட்டுமே என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

நல்ல வகுப்பு எப்படி இருக்கும்? மாணவர் வருகிறார். பன்னிரண்டு அளவு (பார்) கொண்ட புளூஸில் ஸ்கேல்களை மின்னல் வேகத்தில் அடித்துவிட்டு நிமிர்கிறார். ஒரு சுரம்கூடத் தப்பில்லை, ஒரு வாக்கியமும் இல்லை. ஆசிரியர் சொல்கிறார்: "மூன்று சுரம் மட்டும் வைத்துக்கொண்டு இதே பன்னிரண்டு அளவை வாசி." முதல் சுற்றில் தடுமாற்றம். இரண்டாவதில் மாணவர் எங்கே நிறுத்துவது என்று யோசிக்க ஆரம்பிக்கிறார். மூன்றாவது சுற்றில் ஒரே சுரத்தைக் கொஞ்சம் தாமதித்து வைக்கிறார். அறையில் தாளம் திடீரென்று உயிர்பெறுகிறது. ஒரு மணி நேரத்தில் நடந்தது அவ்வளவுதான். ஆசிரியருக்கும் லாபம் உண்டு: அன்றிரவு மேடையில் தானே தேவையில்லாத இருபது சுரத்தை வாசிக்கும்போது உறுத்தும். நஷ்டமும் உண்டு. ஒரே பாட்டை ஒரே நாளில் ஆறு மாணவர்களோடு வாசித்தவர், அன்றைக்கு அந்தப் பாட்டை ஆசையோடு தொட முடியாது.

பாஸ்டனில் உள்ள பெர்க்லீ இசைக் கல்லூரி 1945-இல் தொடங்கியது. நார்த் டெக்சஸ் கல்லூரியில் 1947-இலேயே, நடன இசை என்ற பெயரில், ஜாஸ் பட்டப்படிப்பு வந்துவிட்டது. இன்று பள்ளிகளுக்குக் குறைவில்லை. பட்டத்தோடு வெளியே வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் மேடைதான் இல்லை. இதை முதல் வருடமே மாணவரிடம் சொல்லாத துறையை நான் நேர்மையான துறை என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர்களிலும் பலர் பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பகுதிநேரக்காரர்கள். மருத்துவக் காப்பீடு கிடையாது, அடுத்த பருவத்துக்கு அழைப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. நிரந்தரப் பணி கிடைத்தவர்கள் சிலரே.

மூன்று வேலைகளும் ஒருவர் மேலேயே மோதிக்கொள்வதற்கு 'ரியல் புக்' நல்ல சாட்சி. எழுபதுகளின் நடுவில் பெர்க்லீ மாணவர்கள் ஜாஸ் பாட்டுகளின் குறிப்புகளைத் தொகுத்து, யாரிடமும் அனுமதி வாங்காமல், நகலெடுத்து விற்றார்கள். உலகம் முழுவதும் ஜாஸ் மாணவர் பையில் அது இருந்தது. ஆசிரியர்களும் அதை வைத்தே பாடம் எடுத்தார்கள். எழுதியவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. அதிலிருந்த பிழைகளும் பாட்டோடு சேர்ந்து பரவின. 2004-இல்தான் ஹால் லெனார்டு நிறுவனம் உரிமை பெற்று முறையான பதிப்பு கொண்டுவந்தது.

மூன்றையும் ஒன்றாகக் கட்டி வாழ்ந்தவர் யார் என்று கேட்டால் நான் டேவிட் பேக்கரைச் சொல்வேன். இண்டியானாபொலிஸில் 1931-இல் பிறந்தவர், டிராம்போன் கலைஞர். குயின்சி ஜோன்ஸ் குழுவில் சுற்றுப்பயணம் போனார். ஜார்ஜ் ரஸலின் அறுவர் குழுவில் வாசித்தார். கார் விபத்தில் தாடையில் பட்ட காயம் கடைசியில் டிராம்போனையே விட வைத்தது. செல்லோவை எடுத்தார். எழுதினார், அவருடைய படைப்புகள் 2000-க்கும் மேல் என்கிறார்கள். இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1968-இல் ஜாஸ் துறையைக் கட்டி எழுப்பி, பல பத்தாண்டுகள் நடத்தினார். ஒரு காயம் ஒரு வாசலை அடைத்தபோது மற்ற இரண்டும் திறந்திருந்தன. அதுவும் அவர் முன்பே தட்டி வைத்திருந்ததால்.

கேட்டவருக்கு இப்போதே செய்யக்கூடியவை சில. பியானோ கற்றுக்கொள்ளுங்கள், நன்றாக வாசிக்க வேண்டியதில்லை, கார்டுகளைக் கையால் தொட்டுப் பார்க்கத் தெரிந்தால் போதும். தாளைப் பார்த்ததும் வாசிக்கப் பழகுங்கள். அவசரத்துக்கு அழைக்கப்படுகிறவர் எப்போதும் அப்படிப்பட்டவர்தான். ஒரு தொடக்கநிலை மாணவருக்கு வாரம் ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். முதல் ஒலிப்பதிவுக்கு முன், மெட்டை நீங்கள் எழுதி, முன்னிசையைப் பாஸ் வாசிப்பவர் கட்டினார் என்றால், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஸ்டூடியோவுக்குப் போவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அஸ்காப் போன்ற உரிமைச் சங்கத்தில் பதியும்போது எழுதியவர் பங்கு, பதிப்பாளர் பங்கு என்று இரண்டு பாதிகள் இருக்கும். இரண்டாவது பாதியை எந்த நிறுவனம் கேட்டாலும், அதற்குப் பதிலாக என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அந்தக் கட்டத்திலும் உங்கள் பெயரே இருக்கட்டும்.